நோய்க்காலத்தில் கிராமத்தைத் தாங்குவது ஆளா, ஆப்பா?

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காக ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்களும் கூட்டாளிகளும் சேர்ந்து மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமங்களுக்கு ஒரு சுகாதார ஆப் செய்யப் போகிறீர்கள். கொரோனா, டெங்கு, வெள்ளம் என்று ஏதாவது வந்தால் கிராமம் தாங்குவது ஊர்க்கட்டாலா (ஊர்ச் சனத்தின் உறவும் ஒழுங்கும்) தொழில்நுட்பத்தாலா, ஆப்பில் எதை முதலில் வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் பொதுச் சுகாதார வேலையில் கனகாலம் அலைந்தவன். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேராகச் சொன்னால், போன் செய்தியைக் கொண்டுவந்து தரும், அவ்வளவுதான். வந்த செய்தியை எடுத்துக்கொண்டு ஒரு வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே போக ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளை அந்த வீட்டுக்காரர் நம்பவும் வேண்டும். ஆள் இருந்து போன் இல்லாவிட்டால் வேலை பிந்தும், ஆனால் நடக்கும். போன் இருந்து ஆள் இல்லாவிட்டால் ஒன்றுமே நடக்காது.

கல்முனைப் பக்கம் ஒரு மாரியில் நடந்தது இது. கரையோர மணல் ஊர், வளவுக்கு வளவு கிணறு, மதிலோடு மதில் ஒட்டிய வீடுகள். ஒரே ஒழுங்கையில் அடுத்தடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு டெங்கு. சிரட்டை, ரயர், பூச்சாடி, பிரிட்ஜின் பின்தட்டு, கிணறு எல்லாம் பார்த்தாயிற்று, பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. நடுவில் ஒரு வீடு மட்டும் பூட்டிக் கிடக்கிறது, உரிமையாளர் கட்டாரில். பக்கத்து வீட்டு மாடியில் ஏறிப் பார்த்தால், இந்த வீட்டின் கட்டி முடியாத மேல்தளத்தில் மழைத்தண்ணீர் குளம்போல நிற்கிறது. சட்டப்படி அறிவித்தல் ஒட்டலாம், வழக்குப் போடலாம். முட்டை குடம்பியாகி, குடம்பி நுளம்பாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். வழக்கு எப்போது முடியும்? கடைசியில் ஒழுங்கைப் பெடியன் ஒருவன் போனில் வீடியோ எடுத்தான், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்த ஒருவர் அதை வீட்டுக்காரரின் மச்சானுக்கு அனுப்பினார், மச்சான் கட்டாருக்குத் தட்டிவிட்டார், அன்று பின்னேரமே வீட்டுத் திறப்பு (சாவி) வைத்திருந்த லாத்தா (அக்கா) ஒருவர் வந்து கதவைத் திறந்துவிட்டார். பெடியன்கள் வாளியால் இறைத்தார்கள், குடம்பி நெளிந்துகொண்டே ஊற்றுப்பட்டது.

இதில் வீடியோ எடுத்தது ஒரு நிமிட வேலை. ஆனால் திறப்பு யாரிடம் இருக்கிறது, யார் சொன்னால் அவர் கோபப்படாமல் வருவார் என்பதெல்லாம் எந்த சேர்வரிலும் இல்லை, பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்தவரின் தலையில் இருந்தது. ஆப் செய்கிறவர்கள் வழக்கமாக இந்த இடத்தைத்தான் தவறவிடுகிறார்கள்.

சரி, அரசாங்கத்தின் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்ப்போம், ஏனென்றால் உங்கள் வயதுப் பிள்ளைகள் ஏற்கனவே இருக்கிற அமைப்பைத் தெரியாமலே புதிதாக ஒன்றைக் கட்டத் தொடங்கிவிடுகிறார்கள். இலங்கையில் எம்.ஓ.எச். முறை (ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சுகாதார வைத்திய அதிகாரி) 1926 இல் களுத்துறையில் தொடங்கியது, நூறு வயதாகிறது. ஒருவருக்கு டெங்கோ எலிக்காய்ச்சலோ என்று ஆஸ்பத்திரியில் சந்தேகம் வந்த உடனேயே, பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல், எச் 544 என்கிற படிவத்தை நிரப்பி அவருடைய ஊர் எம்.ஓ.எச். பணிமனைக்கு அறிவிக்க வேண்டும். அங்கிருந்து பீ.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வீட்டுக்குப் போவார். முன்பு இது தபாலில் வந்து சேரும்போது நோயாளி சுகமாகி வீட்டுக்கு வந்து வட்டைக்கும் (வயலுக்கும்) போயிருப்பார். இப்போது டெங்குக்கு இணையவழிப் பதிவே இருக்கிறது, அதற்கும் முந்தி வார்டிலிருந்து ஒரு போன் வந்துவிடும். இந்த நாட்டில் நோய்க்கட்டுப்பாட்டுக்குத் தொழில்நுட்பம் செய்த பெரிய உதவி எது என்று கேட்டால், இந்த நாலைந்து நாளை மிச்சப்படுத்தியதைத்தான் சொல்வேன். நீங்கள் நினைக்கிற மாதிரிப் பளபளப்பான விடயம் இல்லை.

கொரோனாவில் இதே கதை பெரிய அளவில் நடந்தது. டிஎச்ஐஎஸ்2 என்கிற திறந்த மென்பொருளை வைத்து, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைப் பதிந்து பின்தொடர்கிற முறையை 2020 ஜனவரியிலேயே எங்கள் நாட்டு ஆட்கள் உருவாக்கிவிட்டார்கள். பிறகு ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அந்த மென்பொருளைக் கொவிட் வேலைக்கு எடுத்தன. பெருமைப்பட வேண்டிய விடயம், பலருக்குத் தெரியாது. ஆனால் கணினியில் பதிந்த பெயருக்குரிய ஆள் எந்த ஒழுங்கையில் இருக்கிறார், பதினான்கு நாளும் அவருக்குச் சோறு யார் கொடுப்பது, மாட்டுக்குத் தண்ணீர் யார் வைப்பது என்பதைப் பார்த்தது கிராம உத்தியோகத்தர், பீ.எச்.ஐ., மிட்வைஃப் மிஸ் (குடும்பநல மருத்துவமாது), கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கோயில், பள்ளிவாசல்.

இடையில் ஒன்று. நாட்டில் மாவட்டம் 25, பிராந்திய சுகாதாரப் பணிமனை 26. கூடுதலான அந்த ஒன்று கல்முனை. அம்பாறைக் கரையோர ஊர்களின் நோய்க்கணக்கு அம்பாறை என்ற வரியில் வராது, கல்முனை என்ற வரியில்தான் வரும். தரவு எடுக்கும்போது இதைத் தெரியாமல் அம்பாறையில் டெங்கு குறைவு என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி ஊர்க்கட்டு. எங்கள் பக்கத்தில், தமிழரானாலும் முஸ்லிமானாலும், வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். அதனால் அக்கா, தங்கச்சி, பெரியம்மா வீடுகளெல்லாம் ஒரே வளவைப் பிரித்துப் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். பிள்ளைப்பேறு பார்க்க, காய்ச்சல்காரரைக் கவனிக்க, தாய் ஆஸ்பத்திரியில் நிற்கும்போது மற்றப் பிள்ளைகளை வைத்துக்கொள்ள ஆள் தேடி எங்கும் போகத் தேவையில்லை. கொரோனாவில் வீட்டைப் பூட்டி ஸ்டிக்கர் ஒட்டிய நாட்களில் வேலிக்கு மேலால் பார்சல் கைமாறியது இதனால்தான். ஆனால் இதையே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடவும் மாட்டேன்: ஒரு வீட்டில் தொற்று வந்தால் நாலு வீடும் சேர்ந்து விழுந்ததும் அதே வளவுகளில்தான். குழந்தை பொதுவாக வளர்கிற இடத்தில் இருமலும் பொதுதான்.

கோயிலும் அப்படித்தான், இரண்டு பக்கமும் வெட்டும். கண்ணகி அம்மன் சடங்கு வைகாசியில் வரும், ஊரே கூடும். 2020 இலும் 2021 இலும் ஆட்களை மட்டுப்படுத்தச் சொன்னபோது, பொலிஸ் வந்து சொன்ன இடங்களில் முறுமுறுப்பு. கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர்மாரும் பூசை செய்கிற கப்புகனாரும் முதலே கூடிப் பேசி, குடிக்கு (தாய்வழி வம்சத்துக்கு) இத்தனை பேர், மற்றவர்கள் வீட்டிலேயே விளக்கு வையுங்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்ன இடங்களில் ஆட்கள் கேட்டுக்கொண்டார்கள். அம்மாள் வருத்தம் (அம்மை) கண்ட வீட்டுப் படலையில் வேப்பிலை செருகி, வெளியாள் உள்ளே போகாமல், நோயாளிக்குத் தனிப்பாய் போட்டு வைத்திருந்த சனம் நாங்கள். தனிமைப்படுத்தல் என்றால் என்ன என்று எங்களுக்குப் புதிதாகப் படிப்பிக்கத் தேவை இருக்கவில்லை. யார் சொல்கிறார்கள் என்பதுதான் பிரச்சினையாக இருந்தது.

நம்பிக்கை போனால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் இதே மண்ணில் இருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்தப் பதிலை எழுதினால் பொய். 2020 மார்ச்சில் இத்தாலி, தென்கொரியாவிலிருந்து வந்தவர்களைத் தனிமைப்படுத்தப் புனானையில் உள்ள மட்டக்களப்பு கெம்பஸ் கட்டடங்களை எடுத்தபோது, ஊருக்கு ஒரு வார்த்தை சரியாக விளங்கப்படுத்தவில்லை. பயமும் எதிர்ப்பும் கிளம்பியது. அது சின்ன விடயம். அதே ஆண்டு ஏப்ரலில் கொவிட்டால் இறந்தவர்கள் எல்லோரையும் எரிக்கத்தான் வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்ன பிறகும், 2021 பெப்ரவரி வரைக்கும் அது மாறவில்லை. மாறிய பிறகும், நாட்டின் எந்த மூலையில் இறந்தாலும் ஜனாஸா ஓட்டமாவடி மஜ்மா நகருக்குத்தான் வந்தது, மூவாயிரத்துக்கும் அதிகமானோர் அங்கே அடக்கப்பட்டிருக்கிறார்கள். முஸ்லிம்கள் மட்டும் இல்லை, எல்லாச் சமயத்தவரும். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்க முடிவெடுத்தது, சரி. ஆனால் அந்தப் பத்து மாதமும் காய்ச்சல், மூச்சுத்திணறல் என்று வந்தவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்தார்கள். வாப்பாவை எரித்துவிடுவார்கள் என்று வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டவர்களிடம் போய் எந்த ஆப்பைக் காட்டி நோய் அறிகுறியைப் பதியச் சொல்வது? எத்தனை நல்ல மென்பொருளாக இருந்தாலும், உண்மையைச் சொன்னால் தண்டனை என்று சனம் நினைக்கிற இடத்தில் அதற்குள் பொய்தான் போகும், அல்லது ஒன்றுமே போகாது.

வட்ஸ்அப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020 டிசம்பரில் கேகாலையில் கொரோனாவுக்குப் பாணி கொடுக்கிறார்கள் என்று ஆயிரக்கணக்கில் சனம் போய் இடிபட்டது நினைவிருக்கும். இங்கேயும் தடுப்பூசி போட்டால் பிள்ளை பிறக்காது என்கிற வொய்ஸ் சுற்றியது, யாரோ ஒரு டொக்டர் என்ற பெயரில். அதற்கு எதிராகச் சுகாதாரப் பணிமனை அழகான போஸ்டர் போட்டால் யாரும் பார்ப்பதில்லை. அந்த ஊர் மிட்வைஃப் மிஸ், தன் குரலில், தன் பெயரைச் சொல்லி, "நானும் போட்டுட்டன், என்ட மகளுக்கும் போட்டாச்சு, நாளைக்குக் காலம ஸ்கூலுக்கு வாங்க" என்று அரை நிமிட வொய்ஸ் போட்டால் அடுத்த நாள் வரிசை நிற்கும். பொய் வந்த வழியாலேயே உண்மையும் போனது, ஆனால் தெரிந்த குரலில் போனது.

மிட்வைஃப் மிஸ்ஸைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஒரு மிட்வைஃபுக்குக் கிட்டத்தட்ட மூவாயிரம் பேர் என்பது கணக்கு, படுவான்கரையில் அந்த மூவாயிரமும் சிதறிக் கிடக்கும். அவரிடம் இருக்கிற பதிவேட்டில் எந்த வீட்டில் யார் கர்ப்பிணி, பேறுகாலத் திகதி எது, எந்தப் பிள்ளை நிறை குறைவு எல்லாம் இருக்கும். கார்த்திகை, மார்கழியில் மழை கனத்து, உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு திறக்கிறார்கள் என்று செய்தி வந்தால், திகதி கிட்டிய தாய்மாரை முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், ஏனென்றால் பிறகு வீதி தண்ணீருக்குள். மண்முனைப் பாலம் 2014 இல் வந்தது, அதற்கு முன் அவ்விடத்தில் வாவியைப் பாதையில்தான் (ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றுகிற மிதவை) கடந்தோம். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு இன்றும் பாதைதான். காற்று பலத்தால் அது ஓடாது. குளத்து நீர்மட்டம் பற்றிய செய்தி போனில் வருகிறது, தாய்மாரின் பட்டியல் மிஸ்ஸின் கையில், ட்ரக்டர் விவசாய அமைப்புத் தலைவரின் வளவில். இந்த மூன்றையும் ஒரு மணித்தியாலத்தில் சேர்க்கிற ஊர் தப்பிக்கும். இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117 க்கும் சொல்ல வேண்டும், ஆனால் அங்கிருந்து படகு வரும்வரை ட்ரக்டர்தான்.

1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம். இந்திய உதவியோடு 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பிறகு இங்கேயும் வந்தது, காசு இல்லை. சிக்கல் எங்கே என்றால், படுவான்கரையில் வீட்டுக்கு இலக்கம் கிடையாது, வயல்வாடிக் குடிசையில் பாம்பு கடித்தவருக்கு வீதிப் பெயரும் கிடையாது. லொகேஷன் அனுப்பலாம், சிக்னல் இருந்தால். எல்லைக் கிராமங்களில் குளக்கட்டில் ஏறினால்தான் சிக்னல், இரவில் குளக்கட்டில் யானை. அதனால் சில ஊர்ப் பெடியன்கள் பழக்கமாக்கி வைத்திருப்பது: ஒருவன் சிக்னல் உள்ள இடத்துக்குப் போய் 1990 எடுப்பான், ஒருவன் மோட்டார் சைக்கிளோடு பிரதான சந்தியில் நிற்பான், அம்புலன்ஸ் வந்ததும் முன்னால் வழிகாட்டிக்கொண்டு போவான். உங்கள் ஆப் இந்த இரண்டு பெடியன்களின் வேலையை இலகுவாக்குமா என்று யோசியுங்கள். அவர்களை நீக்கிவிடப் பார்க்காதீர்கள்.

ஊரடங்கு போட்ட 2020 மார்ச் 20 க்குப் பிறகு எங்களுக்குப் பெரிய தலையிடியாக இருந்தது கொரோனாவே இல்லை, சீனியும் பிரஷரும். மாதம் மாதம் கிளினிக்கில் மருந்து எடுக்கிறவர்கள் வீட்டுக்குள் மாட்டிக்கொண்டார்கள். மருந்தைத் தபாலில் அனுப்ப சுகாதார அமைச்சு ஏற்பாடு செய்தது, நல்ல வேலை. ஆனால் எழுதிய மருந்து எது என்று தெரிய வேண்டுமே? கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் பேரப்பிள்ளை போட்டோ எடுத்து அனுப்ப, அதைப் பார்த்து மருந்து கட்டினார்கள். போன் இல்லாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை. ஒரு கொப்பியில் எழுத்தே விளங்காமல் மூன்று தரம் திருப்பி எடுக்கச் சொன்ன கதையும் உண்டு. 2022 இல் எண்ணெயும் இல்லை, மருந்தும் இல்லை என்று வந்தபோது இந்தப் பழக்கம் கைகொடுத்தது: எந்தப் பார்மசியில் எது இருக்கிறது என்று குழுக்களில் போட்டார்கள், சவூதியிலும் லண்டனிலும் இருந்தவர்கள் ஆட்களின் கையில் மாத்திரை கொடுத்துவிட்டார்கள். எரிபொருளுக்குக் கியூ.ஆர். முறை வந்த ஜூலை வரை வீட்டுத் தரிசிப்புக்குப் போக மிட்வைஃபுக்கே பெற்றோல் வரிசை. அரை லீற்றர், ஒரு லீற்றர் என்று ஊர்க்காரரே கொடுத்த இடங்கள் இருந்தன.

எலிக்காய்ச்சலை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் படுவான்கரைக்கு ஆப் செய்கிறவர் கட்டாயம் கேட்டிருக்க வேண்டும். வேளாண்மைக்காரருக்கு வருகிற வருத்தம், எலியின் சிறுநீர் கலந்த சேற்றுத் தண்ணீர் காலில் உள்ள வெடிப்பு, புண் வழியாக உள்ளே போகிறது. வயலில் இறங்க முன் தொடங்கி வாரத்துக்கு ஒருதரம் டொக்சிசைக்கிளின் 200 மில்லிகிராம், அதாவது வழக்கமான 100 மில்லிகிராம் குளிசை இரண்டு, பீ.எச்.ஐ. மூலம் இலவசமாகக் கிடைக்கும் (கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது, யாரும் தானாக வாங்கிப் போடவும் கூடாது). கொடுப்பது சுகம், விழுங்க வைப்பதுதான் கஷ்டம். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், ஒருமுறை குமட்டியவர் அடுத்த வாரம் சட்டைப்பையிலேயே வைத்துவிடுவார். சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீரோடு போடச் சொல்லி, வயலுக்குத் தண்ணீர் பங்கிடுகிற வட்டை விதானையிடம் பெயர்ப்பட்டியலைக் கொடுத்து, கிழமைக்கு ஒரு நாள் அவர் வாடி வாடியாகக் கேட்டுப் பார்த்த வயற்கண்டங்களில் ஒழுங்காக நடந்தது. தண்ணீர் முறைக்கே அவரிடம்தான் போக வேண்டும், அவர் கேட்டால் பொய் சொல்ல மாட்டார்கள். எஸ்.எம்.எஸ். நினைவூட்டல் போடலாம், ஆனால் வயலைப் பார்க்கிற முல்லைக்காரர் போனைக் கரையில் சைக்கிளில் தொங்கவிட்டுவிட்டுத்தான் சேற்றில் இறங்குவார்.

அதோடு மெலியொய்டோசிஸ் என்று ஒன்று, மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிற கிருமி, சீனி வருத்தம் உள்ள விவசாயிகளைத்தான் கூடுதலாகப் பிடிக்கும், நியூமோனியா மாதிரியும் கசம் (காசநோய்) மாதிரியும் வேடம் போடும். மட்டக்களப்பில் இது கணிசமாகப் பதிவாகிறது. சீனி உள்ளவர் காலில் புண்ணோடு வயலில் இறங்கிவிட்டு விடாத காய்ச்சலோடு வந்தால், வயலில் இறங்கினேன் என்பதை டொக்டரிடம் அவரே சொல்ல வேண்டும், பாதி நோய்நிர்ணயம் அதில்தான்.

இவ்வளவும் செய்து ஒரு நோயை முற்றாகத் துரத்த முடியுமா என்று கேட்டால், மலேரியாவைத் துரத்தியிருக்கிறோம். 1999 இல் நாட்டில் இரண்டரை இலட்சத்துக்கும் மேல் மலேரியா நோயாளர், எங்கள் பகுதிகளில் அப்போது யுத்தம். நடமாடும் கிளினிக் ஊருக்குள் போய் விரல்நுனி ரத்தம் எடுத்தது, நுளம்பு வலை கொடுத்தது, சோதனைச் சாவடிக்கு அப்பாலும் தொண்டர்கள் காய்ச்சல்காரரைத் தேடிப் பிடித்தார்கள். 2012 ஒக்டோபருக்குப் பிறகு 2016 வரை உள்ளூரில் தொற்றியது இல்லை, அந்த ஆண்டு உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. இந்த வேலையில் ஸ்மார்ட்போன் எங்கே இருந்தது? நுணுக்குக்காட்டியும் சைக்கிளும் பதிவேடும்தான்.

இனி உங்கள் ஆப். நோய் அறிகுறியைச் சனமே பதிகிற பகுதியைக் கடைசிக்குத் தள்ளுங்கள், யாரும் பதியமாட்டார்கள். முதலில் எம்.ஓ.எச். பணிமனைக்குப் போய், மாதாந்தக் கூட்டத்தில் ஒரு மூலையில் இருந்து மிட்வைஃபும் பீ.எச்.ஐ.யும் எதை இரண்டு தரம் எழுதுகிறார்கள் என்று பாருங்கள். அதில் ஒன்றைக் குறைத்துக் கொடுத்தால் உங்களை வாசலில் வைத்து வரவேற்பார்கள். இணையம் இல்லாமல் எழுதி, சிக்னல் வந்ததும் தானாக அனுப்புகிற மாதிரி இருக்க வேண்டும். தமிழ் எழுத்தைவிடக் குரல் முக்கியம், வாசிக்கச் சிரமப்படுகிற வயதானவர்கள் அதிகம். நோயாளியின் பெயர் ஊர்க் குழுவுக்குள் போகிற வழி எதுவுமே இருக்கக்கூடாது, கொரோனாவில் பெயர்ப்பட்டியல் வட்ஸ்அப்பில் கசிந்து வீட்டுக்காரர் கடைக்குக்கூடப் போக முடியாமல் போனதைக் கண்டவர்கள் இனி உண்மை சொல்லமாட்டார்கள். முறைப்பாடு போட்டவருக்குப் பதில் திரும்பிப் போக வேண்டும்: இந்தக் கிணற்றைப் பார்த்தோம், குடம்பியைத் தின்ன மீன்குஞ்சு விட்டோம் என்று ஒரு வரி. பதில் வராத பெட்டிக்குள் இரண்டாம் தரம் யாரும் கடிதம் போடுவதில்லை.

டெங்குக்கு ஏதாவது போடுவதென்றால் இந்த மூன்று வரியைக் குரலில் போடுங்கள்: காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும்தான், டைக்ளோபினாக், இபுபுரூபன், அஸ்பிரின் மூன்றும் வேண்டாம்; மூன்றாம் நாளுக்குப் பிந்தாமல் ரத்தப் பரிசோதனை; காய்ச்சல் விட்டுவிட்டது என்று சந்தோஷப்படுகிற நேரம்தான் ஆபத்தான நேரம், வயிற்றுவலி, வாந்தி, கைகால் குளிர்தல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. நுளம்பு முட்டை காய்ந்த பாத்திரத்தின் ஓரத்தில் மாதக்கணக்கில் இருக்கும் என்பதால், மாரிக்கு முன்பே கழுவித் தேய்க்கச் சொல்லுங்கள், கவிழ்த்து வைத்தால் மட்டும் போதாது. பெரும்போகத்துக்கு முந்திய கன்னக் கூட்டம் (பயிர்ச்செய்கையைத் தீர்மானிக்கிற விவசாயிகள் கூட்டம்) புரட்டாதி, ஐப்பசியளவில் நடக்கும், வட்டை விதானைமார் எல்லோரும் ஒரே இடத்தில் இருக்கிற நாள் அதுதான். பிரதேச செயலகத்தில் திகதியைக் கேட்டு, பீ.எச்.ஐ.யையும் கூட்டிக்கொண்டு போய் அங்கே ஐந்து நிமிடம் கேளுங்கள்.